கிழங்குக்கு என்ன போடுவது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வந்து கிழங்கைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டாய். "காஞ்ச தீனி போடறதா, பாக்கெட்ல கொழகொழன்னு வருதே அது போடறதா, இல்ல மீனு கறின்னு பச்சையாவே போட்டுடலாமாம்மா? இங்க வாடக, கரண்ட் பில்லு எல்லாம் போக கையில நிக்கறது ரொம்பக் கம்மி" என்றாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. உங்கப்பா போனதிலிருந்து ஒருத்திக்காக என்ன காபி என்று பால் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சத்துமாவு அளந்து போட்டவள், ஒரு பூனைக்குச் சோறு போடுவதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். தபாலில் போடுகிறேன், ஓசூரில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உனக்கும் வேறு வேலை இல்லை, அங்கே உட்கார்ந்து இதைப் படி.

முதலில் நீ பயந்துகொண்டிருக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழங்கு இப்போது சாப்பிடுகிறான். அப்பா காரியத்துக்கு வந்தபோது நீயே பார்த்தாய், எலும்பும் தோலுமாக வாசற்படியில் கிடந்தான். பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப் போய்விடும், அதற்கப்புறம் பிழைக்காது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுத்தான், "இங்க இருந்தா அது அப்பாவையே தேடிக்கினு செத்துடும், நான் இட்டுக்கினு போறேன்" என்று நீ சொன்னாய். அவன் மறுபடி வாய் வைத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் இருப்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உனக்கு விளங்காது.

அவன் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். கொரோனா என்று சென்னையில் உன் கோச்சிங் சென்டரையும் ஹாஸ்டலையும் மூடிவிட்டார்கள். நீ பெட்டி நிறையப் புத்தகத்தோடு வந்து நடு அறையில் உட்கார்ந்திருந்தாய். உங்கப்பா அன்றைக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, ஜவ்வரிசி பாக்டரி மூடியிருந்ததால் வண்டியை நம் வாசலிலேயே நிறுத்தினார். தார்ப்பாயை அவிழ்த்தால் கிழங்குக் குவியலுக்கு நடுவிலிருந்து மண்ணும் புழுதியுமாக ஒரு குட்டி கத்துகிறது. மலையிலேயே ஏறியிருக்க வேண்டும். அத்தனை வளைவிலும் நசுங்காமல் வந்ததே பெரிது. "நாளைக்கி லோடு ஏத்தப் போவும்போது எடுத்த எடத்துலயே வுட்டுட்றன்" என்றார். "கிழங்கோட வந்துச்சு, இதுவும் கிழங்குதான், எறக்கியாச்சு, இனிமே ஏத்த முடியாது" என்று நீ சொன்னாய். அப்பாவும் பிள்ளையும் அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டதை நான் நிறையப் பார்த்ததில்லை. அதனால் பூனை வளர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை என்பதை நான் சொல்லவே இல்லை.

பச்சையாகப் போடலாமா என்று கேட்கிறாயே, அதை நீ அப்போதே செய்து பார்த்தவன். புலி இனம், பச்சைக் கறிதான் அதற்கு ஆகும் என்று எங்கோ செல்போனில் பார்த்துவிட்டு, கறிக்கடையில் கழித்துப் போடுகிற கோழிக் கழுத்தையும் தோலையும் கெஞ்சி வாங்கி வந்து போட்டாய். காசில்லாத தீனி என்று பெருமை வேறு. கொஞ்ச நாளில் அது போகிற பக்கமெல்லாம் நூல் நூலாகப் புழு. நடு அறையில் உன் புத்தகத்து மேலேயே வாந்தி எடுத்தது. உங்கப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "கவுருமென்ட் பரிட்சைக்கிப் படிக்கறியா, பூனைக்கிப் புழு வளக்கறியா?" என்று கேட்டார். புழு மருந்துக்கும் ஊசிக்கும் கொடுத்ததில் மாசம் முழுக்க வேக வைத்த மீனே போட்டிருக்கலாம். பச்சை மீனையே தினம் போட்டாலும் சத்து சேராமல் பின்னங்கால் தள்ளாடும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ஆகையால் பச்சை என்பது வாங்கும்போதுதான் சல்லிசு. அதை விட்டுவிடு.

பிறகு காய்ந்த தீனி. அது ஒன்றும் கெட்டதில்லை, அதை நான் பழிக்க மாட்டேன். பெரிய பையாக வாங்கினால் கட்டுப்படியாகும், ஊசிப் போகாது, வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போகலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சில்லறையாக அளந்து தருவார்கள், அதை வாங்காதே, காற்றுப் பட்டு நமுத்துப் போயிருக்கும். பையைப் பிரித்ததும் மூடி போட்ட டப்பாவில் கொட்டி வை, எறும்பு முதலில் வரும், பூனை அப்புறம்தான் வரும். ஆனால் ஒன்று. காய்ந்த தீனி தின்கிற பூனை தண்ணீர் குடிக்க வேண்டும். நம்முடையது குடிக்காது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வேறு மூலையில், அகலமான சட்டியில் வைத்தால் நக்கும். இது தெரியாமல் ஒருமுறை அவனைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம். அது நீ போன பிறகு நடந்தது. உனக்குப் பாதிதான் தெரியும்.

நீ போன நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தீபாவின் கழுத்தில் தாலி கட்டிய படத்தை உன் மாமா மகன்தான் போனில் காட்டினான். உங்கப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாமல் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "வேற ஆளுங்க வூட்டுப் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தவர் கை கழுவிவிட்டு எழுந்தார். "இனிமே அவன் பேரு இந்த வூட்ல கேக்கக்கூடாது" என்றார். கத்தவில்லை, கண்ணு. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் எனக்கு வாய் வரவில்லை. அன்றையிலிருந்து நான் உன் பேரைச் சொன்னதில்லை. உன்னோடு ரகசியமாகப் போனில் பேசும்போதுகூடக் கண்ணு என்றேனே தவிர பேர் சொல்லவில்லை, சுவருக்குக் காது இருக்கிற மாதிரி. வாய் பழகிப் போய்விட்டது. இந்தக் கடிதத்தையும் பார், கண்ணு என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

அந்தக் கார்த்திகையில் அவர் மாலை போட்டார். உனக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று வருஷம் தொடர்ந்து மாலை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார், அது மூன்றாவது வருஷம். "யாருக்கு வேண்டினீங்களோ அவனையே வேணான்னுட்டீங்க, அப்புறம் இன்னாத்துக்கு மால?" என்று கேட்டேன். "வேண்டினது வேண்டினதுதான். சாமிகிட்ட போயி எம்மவன் ஓடிட்டான், கணக்க நேர் பண்ணிக்கன்னு சொல்ல முடியுமா?" என்றார். உனக்குத் தெரியும், மாலை போட்டால் நம் வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடக்கக் கூடாது. மீன் சட்டியைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவேன். அதுவரைக்கும் கிழங்குக்கு நாம் தின்கிற மீனின் தலையும் வாலும் வேக வைத்துச் சோற்றில் பிசைந்து போட்டுக்கொண்டிருந்தேன். விரதம் வந்ததும் அது நின்று போனது. காய்ந்த தீனியில் மீன் இல்லை, பிஸ்கட் மாதிரித்தானே இருக்கிறது, தீட்டில்லை என்று நானே எனக்குச் சட்டம் போட்டுக்கொண்டு, மூன்று வேளையும் அதையே கொட்டினேன். அதை மீனிலிருந்துதான் செய்கிறார்கள் என்று பையிலேயே போட்டிருக்கிறது. படித்தவள்தான், படிக்கவில்லை. சுத்தமாக இருந்தது, வாசனை கொஞ்சம்தான், சாமிக்கும் பூனைக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டேன் என்று சந்தோஷமாக இருந்தேன்.

அந்த நேரம்தான் ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. நம் ஆட்களுக்கு வேலையிலும் படிப்பிலும் தனியாக இவ்வளவு என்று ஒதுக்க வேண்டும் என்று ஊர் ஊராக ஆபீசு முன்னால் உட்கார்ந்தார்கள், சாலையை மறித்தார்கள். உங்கப்பா சிறுபிள்ளையாக இருந்தபோதும் இதே கேட்டுத்தான் சாலையோரப் புளியமரங்களை வெட்டிப் போட்டார்களாம், அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவருடைய அப்பா காட்டினாராம். அதனால் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக இவரும் போய் உட்கார்ந்தார். உன் பேரைச் சொல்லக் கூடாது, ஆனால் உனக்கு வேலை வேண்டும் என்று தார் ரோட்டில் உட்காரலாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சாலை மறியல் நடந்த அன்று காலையிலிருந்து கிழங்கு ஒரு மாதிரி கத்திக்கொண்டிருந்தான். மண் தொட்டியில் போய்க் குந்துகிறான், ஒன்றும் வரவில்லை. மறுபடி குந்துகிறான். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது, கடிக்க வருகிறான். காய்கறிக் கூடையில் போட்டுத் துண்டால் மூடி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மாட்டாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சாலை முழுக்க ஆட்கள். ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். ஓடி வந்த பையன் ஒருத்தன், "ஒண்ணும் போவாதும்மா. ஆஸ்பத்திரிக் கேசுன்னா மட்டும் வுடுவோம்" என்றான். பூனை என்று சொல்ல எனக்கு வெட்கம். கூடைக்குள்ளிருந்து அவன் கத்துகிறான். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கப்பா திரும்பிப் பார்த்தார். குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து வந்தார்.

"இன்னா ஆச்சி?" என்றார்.

"ஒண்ணுக்கு வரல. காலையிலேர்ந்து துடிச்சிக்கினு இருக்கான்."

அவர் என்னிடமிருந்து கூடையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "வழி வுடுங்கப்பா. எங்க வூட்டுப் புள்ளைக்கி ஒடம்பு முடியல" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தார். மாலை போட்டவர் என்று மரியாதையாக ஒதுங்கினார்கள். அந்தப் பையன் மட்டும் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "சாமி, புள்ளைக்கி மீச மொளச்சிருக்கு" என்றான். "ஆமா. வளந்த புள்ள. தள்ளு" என்றார். அந்த நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. செருப்பில்லாத காலோடு அவர் முன்னால் போக, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டாக்டரம்மா குழாய் போட்டு எடுத்தார். "ஆம்பளப் பூன. காஞ்சதா மட்டும் போட்டு, தண்ணியும் உள்ள போவலன்னா இப்படி அடச்சிக்கும்மா. நாளைக்கி வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். இனிமேல் ஈரமாகத்தான் போட வேண்டும், மீனோ கோழியோ தண்ணீரோடு வேக வைத்து, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், முள்ளும் எலும்பும் எடுத்துவிட்டு என்றார். உங்கப்பா தன் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் பாத்துக்கறன், பக்கத்து வூட்ல குடுத்து வேவ வச்சி வாங்கிக்கறன், நீங்க இதுல தலையிடாதீங்க" என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் விடியற்காலை குளிக்க எழுந்தவர் குழாயடிப் பக்கம் போய் வெகுநேரம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, கார்த்திகைப் பனியில் சுள்ளி எரியாமல் ஊதிக்கொண்டு, ஒரு நசுங்கின அலுமினியக் குண்டானில் மத்தி வேகிறது. வெந்ததை முறத்தில் கொட்டி, குந்திக்கொண்டு, மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, விரலால் முள் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னாங்க இது, மாலையோட?" என்றேன். "வாயில்லாத ஜீவன். சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரு, நீ சும்மா இரு" என்றார். பிறகு பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து விளக்கேற்றினார். விரதம் முடிகிற வரைக்கும் தினமும் அதுதான். விரதம் முடிந்த பிறகும் அந்த வேலையை என்னிடம் திருப்பித் தரவே இல்லை. மலைக்கு லோடு போகாத நாளில் காலையில், போன நாளில் சாயங்காலம் வந்ததும், குழாயடியில் அவரும் பூனையும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஏதோ பேசுகிற சத்தம் கேட்கும். நான் போனால் நிறுத்திவிடுவார். அதனால் நான் போவதில்லை. ஒதுக்கீடு கொடுத்தாயிற்று என்றார்கள், தெருவில் வெடி வெடித்தார்கள். பிறகு கோர்ட்டில் நிற்கவில்லை என்றார்கள். இரண்டுக்கும் அவர் கொல்லையில்தான் இருந்தார். "யாருக்குக் கேக்கப் போனனோ அவன் இல்ல. இனிமே வந்தா இன்னா, வராட்டி இன்னா" என்றார். உன்னைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பாக்கெட் தீனிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப் போட்டேன். கிழங்குக்கு அடைத்துக்கொண்ட கதையைப் போனில் உன்னிடம் அழுதபோது, நீ ஓசூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஈரத் தீனி அனுப்பினாய். நான் அங்கன்வாடிக்குப் போயிருந்த நேரம் கூரியர் வந்துவிட்டது. பெட்டி மேலே உன் பேர் பெரிதாக இருந்தது. உங்கப்பா கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். வழியிலேயே பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வீதியில் எறிந்திருப்பார் என்று பயந்துகொண்டு வந்தேன். பிரிட்ஜ் மேலே வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாக்கெட்டைக் கத்திரியால் வெட்டி, பாதியை மீன் வெந்த தண்ணீரில் கரைத்துப் போடுவார், பாதியை டம்ளரில் மூடி பிரிட்ஜில் வைப்பார். மறுநாள் எடுத்துச் சில்லிப்புப் போக வெந்நீரில் டம்ளரை வைத்துத்தான் கொடுப்பார். அப்படி அந்த ஒரு பெட்டியை இழுத்து இழுத்து ஓட்டினார். தீர்ந்த பிறகு காலி அட்டைப் பெட்டியையும் எறியவில்லை, பழைய லுங்கியைப் போட்டுக் கிழங்குக்குப் படுக்கை செய்தார்.

நீ அடுத்த பெட்டி அனுப்பட்டுமா என்று கேட்டாய். "வேணாம் கண்ணு, ஒரு பாக்கெட்டு வெலைக்கி இங்க நாலு நாளைக்கி மத்தி வரும். உங்க வாடகைக்கி வச்சிக்க" என்றேன். நான் சொன்னதில் கணக்குத் தப்பில்லை. நீயும் சரி என்று நிறுத்திக்கொண்டாய். கொஞ்ச நாள் கழித்து உங்கப்பா சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அந்தக் கூரியரு இன்னும் வருமா?" என்று கேட்டார். "தெரியலங்க" என்றேன். பூனைக்காகக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். மத்தி இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்துவிட்டேன். அதற்கப்புறம் கூரியர்க்கார வண்டி தெருவில் திரும்பினால் இவர் கையில் இருக்கிற வேலையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி நம் வாசலைத் தாண்டிப் போனதும் மறுபடி ஸ்பேனரை எடுப்பார். நான் ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ மாசம் ஒரு பெட்டி அனுப்பியிருப்பாய். ஒவ்வொரு முறையும் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பார். ஒரு நாள் உனக்கே போன் பண்ணி, பெட்டி வந்துவிட்டது என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. சிக்கனம் பார்த்துப் பார்த்து, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒரே போக்குவரத்தை நிறுத்தியவள் நான்தான். இது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

அவர் மலைப் பாதையில் நெஞ்சு வலி வந்து, வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பாறையில் சாய்ந்தபடியே போனார் என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வண்டி வருகிற நேரத்துக்குக் கிழங்கு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தான். அப்புறம் நகரவே இல்லை. கோழி வெந்த தண்ணீரை டாக்டரம்மா தந்த ஊசிக்குழலால் வாயில் விட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தேன். நீ கொள்ளி வைத்துவிட்டு வந்து அவனைத் தூக்கினாயே, உன் மேல் அடித்த புகை வாசனைக்கோ என்னவோ, உன் கையிலும் நிற்கவில்லை. காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நீ இப்போது கேட்கிற கேள்வியை நான் அவன் முன்னாலேயே வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டில் காய்ந்தது, ஒரு தட்டில் விலை கொடுத்து வாங்கிய பாக்கெட்டு, வேண்டாமென்று தெரிந்தும் ஒரு தட்டில் பச்சைக் கறி. மூன்றையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிழங்கு, கிழங்கு என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். காது கூட அசையவில்லை.

போன வியாழக்கிழமை, அவர் வாங்கிப் போட்ட அதே மீனையே வாங்கிப் பார்ப்போம் என்று கச்சிராப்பாளையம் ரோட்டு வளைவுக்குப் போனேன். வண்டியை நிறுத்தி அங்கேதான் வாங்குவார் என்று தெரியும், நான் போனதில்லை. அங்கே ஒரு அம்மா கூடை வைத்திருந்தாள். "கிழங்கு லோடு அடிக்கிற வண்டிக்காரரு வாங்குவாரே, அந்த மீனு குடுங்க" என்றேன்.

"எந்த வண்டிக்காரரு?" என்று யோசித்தவள், "ஓ, சரவணன் அப்பாவா?" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் பாட்டுக்கு மீனைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "ரொம்ப நாளா ஆளக் காணமே. வந்தாருன்னா, சரவணனுக்குக் குடும்மா, முள்ளு கம்மியா பாத்துக் குடும்மா, புள்ளைக்கித் தொண்டையில மாட்டிக்கும்னுவாரு. நேத்து சரவணன் சரியா சாப்புடல, இன்னிக்கி நல்லா சாப்ட்டான்னு கத கதயா சொல்லுவாரு. பையன் மேல அவ்ளோ உசுருங்க அவருக்கு. எத்தினி வயசு பையனுக்கு?"

என்ன சொல்வது, கண்ணு? "பெரிய பையன்தாங்க" என்றேன். அவர் போய்விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே நசுங்கின குண்டானில், அதே செங்கல்லில் வேக வைத்தேன். முள் எடுத்தேன். குழாயடியில் தட்டை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தேன், திருடுகிறவள் மாதிரி. நாலு வருஷத்துக்கு மேலாகச் சொல்லாத பேர். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "சரவணா" என்றேன்.

வாசற்படியிலிருந்து எழுந்தான். தள்ளாடிக்கொண்டு, நடு அறையைத் தாண்டி, கொல்லைக்கு வந்தான். யாரையோ தேடினான். நான்தான் இருந்தேன். "சரவணா, சாப்புடுப்பா" என்றேன். சாப்பிட்டான். நான் குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்து, உங்கப்பா செத்த அன்றைக்கு அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதேன். பேர் கேட்கக் கூடாது என்று சொன்ன மனுஷன், அந்தப் பேரைத் தினம் ஒரு வேளையாவது கூப்பிடாமல் தூங்கியதில்லை. இது எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஒரு மீன்காரிக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு பூனைக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, கேட்டதற்குப் பதில். காலையில் நீங்கள் வேலைக்குப் போகும்போது காய்ந்தது ஒரு கைப்பிடி, தண்ணீர்ச் சட்டி தனியாக வேறு மூலையில், கூடவே தினமும் மண் தொட்டியைப் பார்த்துவிடு. சாயங்காலம் மத்தியோ, கோழியோ, வேக வைத்து, முள் பொறுக்கி, வெந்த தண்ணீரோடு. சோறு கொஞ்சமாக, பால் வேண்டாம். பாக்கெட்டு தினமும் வேண்டாம், முடியாத நாளுக்கு என்று இரண்டு வைத்துக்கொள். ஓசூரில் மீன் விலை ஜாஸ்தி என்பாய், அப்படியானால் கோழியே போடு, ஆனால் சல்லிசு என்று கோழி ஈரலைத் தினம் போடாதே, வாரத்துக்கு ஒரு நாள் போதும். இவ்வளவுதான், உன் சம்பளத்துக்குத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது தீபாவையும் கூட்டிக்கொண்டு வா. காரியத்தன்று தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனாள், நானும் வா என்று சொல்லவில்லை. இந்தத் தடவை உள்ளே வந்து அவள் கையாலேயே கூடையில் வைத்து எடுத்துப் போகட்டும்.

அவனை நானே வைத்துக்கொள்ளலாம், இப்போது சாப்பிடுகிறானே என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு. ஆனாலும் கொடுத்து அனுப்புகிறேன். கிழங்கு என்று கூப்பிட்டால் வர மாட்டான். தட்டை வைத்துவிட்டு உன் பேரை நீயே கூப்பிட வேண்டும், முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். உங்கப்பா அதை எப்படிக் கூப்பிட்டிருப்பார், கோபமாகவா, கொஞ்சியா என்று என்னிடம் கேட்காதே, சரவணா. நான் கேட்டதில்லை. கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அதனால்தான் அவனை உன்னிடம் அனுப்புகிறேன்.

அம்மா